கட்டட வினையின் கணக்கு
நிருமாண முகாமை, பொருளியல் ஆராய்ச்சியின் வரலாற்று நோக்கு

மனிதர் செய்யும் தொழில்களுள் கட்டடத் தொழில் மிகப் பழையது; அத்தொழிலைப் பற்றிய முறையான ஆராய்ச்சியோ மிகப் பிற்பட்டது. உழவினையும் நெசவினையும் வாணிகத்தினையும் பொருளியலறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டே நுணுகி ஆராய்ந்தனர். ஆடம் சிமித் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலிலே குண்டூசித் தொழிலை எடுத்துக்காட்டித் தொழிற்பிரிவினையின் பயனை விளக்கினார். ஆயினும், கட்டடம் எழும் இடமும் ஒரு தொழிற்களமே, அங்கும் உழைப்பும் காலமும் பொருளும் கணக்கிடற்குரியனவே என்னும் எண்ணம் அறிஞரிடையே வேரூன்ற நெடுங்காலஞ் சென்றது. அவ்வெண்ணம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அவ்வாராய்ச்சி கண்டறிந்த உண்மைகள் எவை என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டடத் தொழிலைப் பிற தொழில்களினின்றும் பிரித்துக் காட்டும் இயல்புகள் மூன்றுள. தொழிற்சாலையிற் பண்டம் நகர, தொழிலாளி ஓரிடத்தில் நிற்கின்றான். கட்டடத்திலோ பண்டம் ஓரிடத்தில் நிற்க, தொழிலாளரும் கருவிகளும் அதனைச் சுற்றி நகர்கின்றனர். இஃது ஒன்று. பிற தொழில்களிற் பண்டத்தைச் செய்து முடித்தபின் அதற்கு விலை கூறப்படும். கட்டடத் தொழிலில் விலையை முன்னர்க் கூறி, அதன்பின்னரே பண்டம் செய்யப்படும். இஃது இரண்டாவது. பிற தொழில்களிற் பண்டத்தை வகுப்பவரும் செய்பவரும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தவர். கட்டடத்தில் வரைபடம் வகுப்பவர் ஒருவர், அதனை எழுப்புபவர் வேறொருவர், அதன் செலவை ஏற்பவர் பிறிதொருவர். இஃது மூன்றாவது. இம்மூன்று இயல்புகளினின்றும் ஒரு வினா எழுகின்றது. முன்கூட்டி அறிய முடியாத செலவை யார் தாங்குவது என்பதே அவ்வினா. நிருமாண முகாமை, பொருளியல் ஆராய்ச்சியின் வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவிற்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

அரண் வகுத்தவரின் எச்சரிக்கை

பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயியின் காலத்தில், அந்நாட்டின் எல்லைகளெங்கும் கோட்டைகளை வகுத்தவர் வோபான் என்னும் பொறியியலாளர். 1633 ஆம் ஆண்டு பிறந்து 1707 ஆம் ஆண்டு மறைந்த இவர், போர்க்கலையில் வல்லவராயினும் கணக்கிலும் வல்லவராயிருந்தார். 1683 ஆம் ஆண்டு யூலை மாதம் 17 ஆம் நாள், போர் அமைச்சராயிருந்த லூவுவா என்பவருக்கு இவர் எழுதிய கடிதம் ஒன்று, கட்டடப் பொருளியல் வரலாற்றில் என்றும் எடுத்துக்காட்டப்படுவதாகும்.

அரசு வேலைகளிற் சில, ஆண்டுக்கணக்கில் முடியாது கிடப்பதற்குக் காரணம் என்னை என்று அக்கடிதத்தில் அவர் ஆராய்கின்றார். ஒப்பந்தங்களை அடிக்கடி முறித்து, மீண்டும் மீண்டும் விலை கேட்டு, எல்லாரினும் குறைவாகக் கேட்பவனுக்கே வேலையைக் கொடுக்கும் வழக்கமே காரணம் என்பது அவர் முடிபு. அத்தகைய வழக்கத்தினாற் கைத்திறனும் கைம்முதலும் உடைய நல்ல ஒப்பந்தகாரர் விலகிச் செல்வர். போக்கிடம் அற்றவரும், வஞ்சகரும், தொழிலறியாதவருமே எஞ்சுவர். குறைந்த விலைக்கு ஏற்றவன் நட்டத்திற் சிக்கி, கடன்பட்டு, பொருளிலும் வேலையிலும் களவு செய்யத் தலைப்படுவான். ஆதலின், நேர்மையான விலையைக் கொடுத்து நம்பிக்கையை நிலைநாட்டுவதே அரசனுக்கு உண்மையான சிக்கனம் என்று வோபான் வற்புறுத்தினார்.

இவர் அறிவுரை கூறியதோடு அமையவில்லை. மண் வெட்டுதல், சுமத்தல், கொட்டுதல் ஆகிய வேலைகளைத் தனித்தனியே அளந்து, சுமக்கும் தூரத்திற்கு ஏற்ப ஓர் ஆள் நாளொன்றிற்குச் செய்யக்கூடிய வேலை எவ்வளவு என்று கணிக்க முயன்றார். பெலிடோர் என்பார் 1729 ஆம் ஆண்டில் வெளியிட்ட பொறியியல் நூலிலே, கட்டட வேலைக்குரிய விவரக்குறிப்புக்களை எழுதும் முறைக்குத் தனியிடம் அளித்தார். வேலை தொடங்குமுன் அதனைச் சொல்லால் வரையறுத்தல், அளவால் வரையறுத்தல், விலையால் வரையறுத்தல் என்னும் மூவகைப் பழக்கமும் இவ்வாறு உருப்பெறத் தொடங்கின.

இலண்டனில் எழுந்த ஒப்பந்த முறை

இங்கிலாந்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிற் கொத்தர், தச்சர், ஓடு வேய்வோர், வண்ணம் பூசுவோர் முதலியோர் தனித்தனியே அமர்த்தப்பட்டனர். வேலை முடிந்தபின் அளவையாளர் வந்து, செய்யப்பட்டதை அளந்து விலை கூறுவர். இம்முறையில் வீடு கட்டுவோன் தன் செலவு யாதென்று இறுதிநாள் வரை அறியான்.

இந்நிலையை மாற்றியோருள் முதன்மையானவர் தோமசு கியூபிற். 1815 ஆம் ஆண்டில் இலண்டனிற் பெரிய கட்டடமொன்றை எழுப்பும் பொறுப்பை ஏற்ற இவர், பல தொழிலாளரையும் குறித்த காலத்தில் ஒருங்கு சேர்க்க இயலாமையால் இடருற்றார். அதனால் எல்லாத் தொழில் வினைஞரையும் தாமே நிரந்தரச் சம்பளத்திற்கு அமர்த்தி, அவர்களுக்கெனப் பட்டறைகளையும் அமைத்தார். முழுக் கட்டடத்திற்கும் ஒருவரே பொறுப்பேற்கும் பொது ஒப்பந்தகாரர் என்னும் நிலை இவ்வாறு நிலைபெறத் தொடங்கியது. ஆனால் இம்மாற்றம் வேறொரு சுமையையும் உடன் கொணர்ந்தது. நிரந்தரமாகச் சம்பளம் பெறும் தொழிலாளருக்கு நிரந்தரமாக வேலையும் வேண்டும். வேலை கொடுப்போர் இல்லாத காலத்திலும் அவர்களைச் சும்மா இருத்தல் இயலாதாகையாற் கியூபிற் தாமே நிலம் பெற்று வீடுகளைக் கட்டி விற்கலானார். இலண்டனின் பெல்கிறேவியா முதலிய பகுதிகள் இவ்வாறு எழுந்தவையே. கட்டடத் தேவை ஏறி இறங்குவது, தொழிலாளர் செலவோ இறங்க மறுப்பது என்னும் முரண்பாட்டை அவர் தம் அனுபவத்தாற் கண்டார். அம்முரண்பாட்டின் காரணமாகவே பிற்கால நிறுவனங்கள் நிரந்தரத் தொழிலாளரைக் கைவிட்டு உப ஒப்பந்தகாரரை நாடின என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

முழு விலையை முன்கூட்டிக் கேட்கும் வழக்கம் பரவவே, கேள்விப்பத்திரம் இடும் ஒவ்வொருவரும் ஒரே வரைபடத்தைத் தனித்தனியே அளந்து கணக்கிட வேண்டியதாயிற்று. வீண் உழைப்பைத் தவிர்க்க விரும்பிய ஒப்பந்தகாரர், எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவையாளரை அமர்த்தினர். அவர் ஆக்கிய அளவுப் பட்டியலைக் கொண்டு யாவரும் தத்தம் விலையைக் குறித்தனர். கணிய அளவையாளர் என்னும் தொழிற்குழுவினர் இவ்வாறு தோன்றினர். 1868 ஆம் ஆண்டில் இலண்டனில் அளவையாளர் சங்கம் நிறுவப்பட்டது. 1881 ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. கட்டட வேலைகளை அளப்பதற்கான பொது விதிகள் 1922 ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியாயின. அளத்தல் ஒழுங்குபட்டது, ஆனால் அளக்கப்பட்ட வேலை ஏன் அவ்வளவு விலையாகின்றது என்னும் வினா அப்பொழுதும் எழுப்பப்படவில்லை.

செங்கல்லும் கையசைவும்

அவ்வினாவை எழுப்பியவர் அமெரிக்கக் கொத்தர் ஒருவர். பிராங்கு கில்பிரெத் என்னும் இளைஞர் 1885 ஆம் ஆண்டு, தமது பதினேழாம் வயதிலே, பொசுற்றன் நகரிற் செங்கல் அடுக்கும் தொழிலைப் பயிலப் புகுந்தார். தமக்குக் கற்பித்தோர் ஒருவர்போல் ஒருவர் வேலை செய்யவில்லை என்பதை முதலிற் கண்டார். ஒரே கொத்தரும் மெல்லச் செய்கையில் ஒருவகையாகவும், விரைந்து செய்கையில் இன்னொருவகையாகவும், பிறர்க்குக் கற்பிக்கையில் வேறொருவகையாகவும் கைகளை இயக்கினார். இவற்றுள் எது சிறந்தது என்று கில்பிரெத் ஆராயத் தொடங்கினார்.

நிலத்தினின்றும் கல்லை எடுக்கும்பொழுது கொத்தர் கல்லின் எடையோடு தம் உடலின் எடையையும் உயர்த்துகின்றார். கல்லின் நல்ல முகம் எதுவென்று கையிற் சுழற்றிப் பார்க்கின்றார். சாந்து பதமாயில்லாமையாற் கரண்டியினாற் கல்லைத் தட்டுகின்றார். இவை யாவும் வீண் அசைவுகள் என்று கண்ட கில்பிரெத், சுவர் உயர உயரத் தானும் உயர்த்தப்படக்கூடிய சாரமொன்றை அமைத்தார். கூலியாள் ஒருவர் கற்களை முன்னரே தெரிந்து, நல்ல முகம் ஒரு பக்கம் இருக்குமாறு அடுக்கிக் கொடுக்கச் செய்தார். சாந்தின் பதத்தைச் சீர்ப்படுத்தினார். ஒரு கல்லை வைப்பதற்கு வேண்டிய அசைவுகள் 18 இலிருந்து 5 ஆகக் குறைந்தன எனவும், மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 கல் வைத்தனர் எனவும் பிரெடெரிக்கு டெயிலர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட விஞ்ஞான முகாமை பற்றிய நூலிற் குறிப்பிடுகின்றார். கில்பிரெத்தும் 1909 ஆம் ஆண்டிற் செங்கல் அடுக்கும் முறை பற்றியும், 1911 ஆம் ஆண்டில் அசைவாராய்ச்சி பற்றியும் நூல்கள் எழுதினார். அவர்தம் மனைவியார் லிலியன் கில்பிரெத் உளவியற் புலமை மிக்கவர். களைப்பும் உள்ளமும் உழைப்பைப் பாதிக்குமாற்றை ஆராய்ச்சியினுள் கொணர்ந்த பெருமை அவரையும் சாரும்.

இவ்வாராய்ச்சியின் சிறப்பு யாதெனின், பழிக்கப்பட்டது தொழிலாளியின் சோம்பல் அன்று, வேலையின் ஒழுங்கின்மையே என்று காட்டியதாகும். குனிந்து நிமிரும் கொத்தர் சோம்பியிருக்கவில்லை. வேண்டாத வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஆயினும், இம்முறைகளைக் கண்டு தொழிலாளர் அஞ்சியதற்கும் காரணமுண்டு. மும்மடங்கு கல் வைத்தவனுக்கு மும்மடங்கு கூலி கிடைக்கவில்லை. மிகுந்த ஊதியம் யாருக்குச் செல்லும், வேலை இழப்பவர் யாவர் என்னும் கேள்விகளை மணிக்காட்டியால் அளக்க முடியாது.

காலத்தை வரைந்த கோடுகள்

அசைவை அளந்தபின் காலத்தை ஒழுங்குபடுத்தல் அடுத்த படியாயிற்று. போலந்து நாட்டவராகிய அடமியெக்கி 1896 ஆம் ஆண்டிலும், அமெரிக்கராகிய கான்ற் 1910 ஆம் ஆண்டையடுத்த காலத்திலும், வேலைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் அட்டவணைகளை வகுத்தனர். காலவொழுங்கினால் ஆகக்கூடியது யாது என்பதற்கு நியூயோர்க்கு நகரின் எம்பயர் ஸ்ரேற் கட்டடம் சிறந்த சான்றாகும். 1930 ஆம் ஆண்டு மார்ச்சு மாதந் தொடங்கிய அவ்வேலை 1931 ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள் முடிந்து, 102 மாடிக் கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. ஒவ்வொரு மாடியிலும் சிறு தண்டவாளங்கள் இடப்பட்டுப் பொருள்கள் வேண்டிய இடத்திற்கு வேண்டிய வேளையிற் கொண்டு செல்லப்பட்டன. மதிப்பிட்ட தொகையினும் குறைந்த செலவிலே வேலை முடிந்தது. எனினும் அக்காலம் பொருளாதாரப் பெருமந்தக் காலம் என்பதையும், கூலியும் பொருள்விலையும் வீழ்ந்திருந்தமை அச்சிக்கனத்திற்கு ஒரு காரணம் என்பதையும் மறத்தலாகாது.

கோட்டு அட்டவணைக்கு ஒரு குறையுண்டு. எவ்வேலை எதற்காகக் காத்திருக்கின்றது என்பதை அது தெளிவாகக் காட்டாது. 1957 ஆம் ஆண்டையடுத்து, தூப்போன் இரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த உவாக்கரும், இரெமிங்ரன் இராண்டு நிறுவனத்தைச் சேர்ந்த கெலியும் கூடி இக்குறையை நீக்கினர். ஒரு பெருவேலையின் உறுப்புக்களை வலைபோற் பின்னி, அவற்றுள் எத்தொடர் மிக நீண்டதோ அத்தொடரே முழு வேலையின் காலத்தையும் தீர்மானிக்கும் என்று அவர்கள் காட்டினர். இது மாறுநிலைப் பாதை முறை எனப்படும். அப்பாதையிலுள்ள வேலையை ஒரு நாள் விரைவுபடுத்தினால் மட்டுமே முழு வேலையும் விரைவடையும். ஏனையவற்றை விரைவுபடுத்தல் வீண் செலவாகும். இதனைக் கணிக்கக் கணனி வேண்டியிருந்தது. கணனி வசதியில்லாத ஒப்பந்தகாரரும் கைக்கணக்காற் செய்யக்கூடிய எளிய முறையொன்றை ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோன் பொண்டால் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி வேலைக்களத்திற்கு நேரே பயன்பட்டமைக்கு இது நல்ல உதாரணம்.

பிரிந்து நின்ற பொறுப்புக்கள்

இரண்டாம் உலகப்போரின் பின்னர்ப் பிரித்தானியாவிற் பாடசாலைகளும் வீடுகளும் பெருந்தொகையாக வேண்டப்பட்டன. பொருளும் ஆளும் அரியனவாயிருந்தன. ஆகவே, கட்டி முடித்தபின் செலவைக் கணக்கிடாது, வரைபடம் வகுக்கும்பொழுதே செலவை வகுத்தல் வேண்டும் என்னும் கொள்கை எழுந்தது. ஒரு மாணவனுக்கு இவ்வளவு என்று கல்வி அமைச்சு செலவெல்லை விதித்தது. சுவர், கூரை, தளம், யன்னல் என்று ஒவ்வோர் உறுப்பிற்கும் ஆகும் செலவைத் தனித்தனியே ஒப்பிட்டு ஆராயும் முறையை அவ்வமைச்சு 1951 ஆம் ஆண்டு வெளியிட்ட செலவாராய்ச்சி ஏடு விளக்கியது. கற்பிக்கும் இடத்தைக் குறைக்காது, நடைவழி முதலியவற்றைச் சுருக்குதலாற் செலவு பெரிதும் குறைக்கப்பட்டது. எண்ணிப் பார்த்து வகுத்தால் மலிவும் தரமும் ஒருங்கு நிற்கும் என்பதை இப்பாடசாலைகள் நிறுவின. கட்டட ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிற்றோன் என்பார் இதனை மேலும் ஒரு படி உயர்த்தி, கட்டும் செலவோடு நில்லாது, கட்டடம் வாழும் காலமெல்லாம் அதனைப் பேணவும் வெப்பமூட்டவும் ஆகும் செலவையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டுமென 1960 ஆம் ஆண்டுகளில் எழுதினார்.

1962 ஆம் ஆண்டில் எமர்சன் அறிக்கையும், 1964 ஆம் ஆண்டிற் பான்வெல் அறிக்கையும் வெளிவந்தன. வகுப்பவர்க்கும் கட்டுபவர்க்கும் இடையேயுள்ள பிரிவு ஏனைய பெருந்தொழில்கள் எவற்றிலும் காணப்படாத அளவு பெரிதாயிருக்கின்றது என எமர்சன் சுட்டிக்காட்டினார். எவரும் வந்து கேட்கக்கூடிய பகிரங்கக் கேள்விமுறையைக் கண்மூடிப் பின்பற்றுதல் தகாது. தகுதியறிந்து தெரிந்தெடுத்த சிலரிடமே விலை கேட்டல் வேண்டும் எனப் பான்வெல் குழுவினர் கூறினர். வோபான் எழுதி ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழிந்தபின் அதே அறிவுரை மீண்டும் எழுதப்பட்டமை சிந்திக்கற்பாலது.

இவற்றினும் ஆழமான ஆராய்ச்சி, தாவிசுரொக்கு நிறுவனத்தைச் சேர்ந்த சமூகவியலறிஞர் 1965, 1966 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனவாம். ஒப்பந்தப் பத்திரங்களின்படி ஒவ்வொருவர் கடமையும் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றது. வேலை அப்படி நடைபெறுவதில்லை. ஒருவர் முடிவு மற்றொருவர் முடிவைச் சார்ந்திருக்கின்றது. எதுவும் முற்றாக நிச்சயமில்லை. ஆதலாற் பத்திரத்திலுள்ள ஒழுங்கிற்குப் புறம்பாக, தனிப்பட்ட பழக்கத்தினாலும் இணக்கத்தினாலுமே வேலை முன்செல்கின்றது. பிழை நேர்ந்தவிடத்து மட்டும் யாவரும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நிற்கின்றனர். இவ்வுண்மையை அறியாத கட்டடத் தொழிலாளர் ஒருவரும் இரார். ஆயினும் அதனை ஆராய்ந்து எழுத்தில் வைத்தமையே அவ்வறிஞர் செய்த பணி.

நாடுகளின் பொருளாதாரத்திற் கட்டடத் தொழில்

இதுகாறும் கூறியவை ஒரு கட்டடத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள். நாடு முழுவதின் பொருளாதாரத்திற் கட்டடத் தொழிலின் இடம் யாது என்பதை ஆராய்ந்தோருள் டூச்சியோ தூரின் முதன்மையானவர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பணிபுரிந்த இவர், 1960 ஆம் ஆண்டுகளின் இறுதியிற் பல நாடுகளின் கணக்குக்களை ஒப்புநோக்கினார். நாடு வளர வளர அதன் உற்பத்தியிற் கட்டடத் தொழிலின் பங்கும் வளர்கின்றது எனவும், நிலையான மூலதன ஆக்கத்திற் பாதியளவு கட்டடங்களும் வீதிகளும் அணைகளுமாகவே அமைகின்றது எனவும் அவர் காட்டினார். பின்னர் 1992 ஆம் ஆண்டில் இராங்கோ பொன் என்பார் இக்கொள்கையைத் திருத்தினார். வளர்ந்துவரும் நாட்டில் அப்பங்கு உயர்ந்து, தொழில் முதிர்ந்த நாட்டில் மீண்டும் தாழும். அதன் வடிவம் கவிழ்த்த கிண்ணம் போன்றது என்பது அவர் கொள்கை. வளர்ந்த நாடு புதிதாகக் கட்டுதலினும் பழையதைப் பேணுதலிலேயே மிகுதியும் ஈடுபடும் என்பதே அதன் பொருள்.

வறிய நாடுகளுக்கு இன்னும் நெருங்கிய வினா ஒன்றுண்டு. வேலையற்றோர் பலராயிருக்கும் நாட்டில், வீதியும் அணையும் அமைக்க இயந்திரங்களை இறக்குமதி செய்தல் முறையா, மனிதர் கைகளைப் பயன்படுத்தல் முறையா என்பதே அது. உலக வங்கி 1971 ஆம் ஆண்டு தொடங்கி, இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் வேலைக்களங்களிலேயே இதனை ஆராய்ந்தது. பழைய கருவிகளோடும் பழைய ஒழுங்கோடும் மனித உழைப்பு இயந்திரத்தோடு போட்டியிட இயலாது என்பது முதலிற் கண்ட முடிபு. ஆனால் நல்ல கருவியும், நல்ல மேற்பார்வையும், வேலைக்கேற்ற கூலிமுறையும், உழைப்பவனுக்குப் போதிய உணவும் அமையின், கூலி குறைந்த நாடுகளில் மனித உழைப்பு பல வேலைகளில் இயந்திரத்திற்கு ஈடுகொடுக்கும் என்பது பின்னர்த் தெளிந்த முடிபு. செங்கல் அடுக்குவோனிடம் கில்பிரெத் கண்ட உண்மை இங்கும் உறுதிப்பட்டது.

பற்றீசியா இலபிராண்டு அம்மையார் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பொருளியற் கோட்பாட்டைக் கட்டடத் தொழிலுக்குப் பொருத்தி விளக்கியது. 1983 ஆம் ஆண்டில் நிருமாண முகாமையையும் பொருளியலையும் தன் பெயரிலேயே தாங்கிய ஆராய்ச்சிச் சஞ்சிகை வெளிவரத் தொடங்கிற்று. அவ்வாண்டு முதல் இத்துறை தனக்கென ஓர் அரங்கையும் பெற்றது.

மதிப்பீடும் உண்மையும்

ஆராய்ச்சி பெருகியபின் மதிப்பீடுகள் திருத்தமடைந்தனவா? சிட்னி நகரின் இசைநாடக மண்டபம் இவ்வினாவிற்கு என்றும் எடுத்துக்காட்டப்படும் விடையாகும். 1957 ஆம் ஆண்டு தெனிமார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞர் ஊற்சன் அதன் வரைபடப் போட்டியில் வென்றார். கூரையை எவ்வாறு அமைப்பது என்பது தீர்மானிக்கப்படாமலே 1959 ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. அவுஸ்திரேலிய நாணயத்தில் 70 இலட்சம் டொலர் என மதிப்பிடப்பட்ட அம்மண்டபம், 1973 ஆம் ஆண்டு முடிந்தபொழுது 10 கோடியே 20 இலட்சம் டொலரை விழுங்கியிருந்தது. கலைஞரோ பூசல்களினால் 1966 ஆம் ஆண்டிலேயே விலகிச் சென்றார்.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. பெந்து புளுவியர் என்னும் தெனிமார்க்கு அறிஞரும் அவருடன் ஆராய்ந்தோரும், 20 நாடுகளிற் கட்டப்பட்ட 258 போக்குவரத்து வேலைகளை ஆராய்ந்து, 2002 ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். பத்து வேலைகளுள் ஒன்பதில் உண்மைச் செலவு மதிப்பீட்டை விஞ்சியது. புகையிரதப் பாதைகளிற் சராசரியாக நூற்றுக்கு 45 வீதமும், பாலங்கள் சுரங்கவழிகளில் 34 வீதமும், வீதிகளில் 20 வீதமும் செலவு மிகுந்தது. எழுபது ஆண்டுக் கணக்கிலும் திருத்தம் எதுவும் காணப்படவில்லை. அறியாமையாற் செய்யும் பிழையாயின் காலத்தாற் குறைதல் வேண்டும். மேலும் கீழுமாகச் சிதறுதலும் வேண்டும். எப்பொழுதும் ஒரு பக்கமே சாயும் பிழை பிழையன்று, வேலைக்கு அனுமதி பெறுதற்பொருட்டுச் சொல்லப்படும் பொய்யே என அவர்கள் முடிபு கூறினர்.

இம்முடிபை எல்லாரும் ஏற்றாரல்லர். பீற்றர் லவ் முதலிய ஆராய்ச்சியாளர், முதல் எண்ணத்தின்போது கூறப்பட்ட தொகையையும் இறுதித் தொகையையும் ஒப்பிடுதல் பொருந்தாது என மறுத்தனர். இடையில் வேலையின் பரப்பு மாறுதலும், செய்ததை அழித்துத் திரும்பச் செய்தலும் செலவைக் கூட்டுகின்றன என்றனர். வேறொரு விளக்கமும் உண்டு. பலர் ஒரே வேலையை மதிப்பிட்டு விலை கேட்கும்பொழுது, யார் கீழ்நோக்கிப் பெரிதும் பிழைபட்டாரோ அவரே வெல்லுகின்றார். 1971 ஆம் ஆண்டில் எண்ணெய் நிலக் குத்தகைகளை ஆராய்ந்த பொறியியலாளர் இதனை வென்றவனின் சாபம் எனப் பெயரிட்டு விளக்கினர். இவ்வாறாயின், வஞ்சனை இல்லாவிடத்தும், மிகக் குறைந்த விலையைத் தெரிந்தெடுக்கும் முறையே பிழையையும் தெரிந்தெடுக்கின்றது. மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பன அல்ல. எந்த வேலையில் எது மிகுந்து நின்றது என்பதை வேலைதோறும் ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.

மலிவின் விலை

இவ்வாராய்ச்சிகள் பணக்கணக்கைப் பற்றியன மட்டும் என எண்ணுவது தவறு. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பிரித்தானிய அரசு, மாடி உயர உயர மானியமும் உயருமாறு விதித்தது. இதனால் உயர்ந்த மாடிவீடுகள் பெருகின. விரைவு கருதி, தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளை அடுக்கிக் கட்டும் முறையும் பரவிற்று. அவ்வாறு கிழக்கு இலண்டனிற் கட்டப்பட்ட 22 மாடிக் கட்டடமாகிய உரோனன் பொயின்ற், மக்கள் குடிபுகுந்து சில கிழமைகளே ஆன நிலையில், 1968 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள், 18 ஆம் மாடியில் நேர்ந்த வாயு வெடிப்பொன்றினால் ஒரு மூலை முழுவதும் சரிந்து வீழ்ந்தது. நால்வர் மாண்டனர். 1986 ஆம் ஆண்டு அக்கட்டடம் பிரிக்கப்பட்டபொழுது பலகைகளின் மூட்டுக்கள் செவ்வனே நிரப்பப்படாமை கண்டறியப்பட்டது. மானியம் உயரத்திற்குக் கிடைத்தது. மூட்டின் உறுதிக்குக் கிடைக்கவில்லை.

1998 ஆம் ஆண்டில் ஈகன் அறிக்கை, கட்டடச் செலவையும் காலத்தையும் ஆண்டுதோறும் நூற்றுக்கு 10 வீதம் குறைத்தல் இயலும் என இலக்கு வகுத்தது. பின்லாந்து அறிஞர் கோசுக்கெலா 1992 ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சியும், வேலைக்களத்திற் காத்திருத்தலும் திரும்பச் செய்தலுமே பெருவிரயம் எனக் காட்டியிருந்தது. வாரத் தொடக்கத்தில் வாக்களிக்கப்பட்ட வேலைகளுள் ஏறத்தாழப் பாதியே வார இறுதியில் முடிகின்றது என அமெரிக்க ஆராய்ச்சியாளரும் கண்டனர். விரயத்தை ஒழித்தல் நன்றே. ஆனால் செலவைக் குறைத்தலும் விரயத்தைக் குறைத்தலும் ஒன்றல்ல. சுருக்கப்படுவது தொழிலாளியின் ஓய்வும் பாதுகாப்புமா என்று கேட்டல் வேண்டும் என 1999 ஆம் ஆண்டில் சிற்றுவாட்டு கிறீன் முதலியோர் எச்சரித்தனர்.

2017 ஆம் ஆண்டு யூன் மாதம் 14 ஆம் நாள் இலண்டனின் கிறென்பெல் மாடிவீட்டிற் பற்றிய தீ, 72 உயிர்களைக் கொண்டது. புதுப்பித்தல் வேலையின்போது, முதலிற் கருதிய துத்தநாக உறைக்குப் பதிலாக, விலை குறைந்ததும் எரியக்கூடிய உள்ளீடுடையதுமான அலுமினியத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. வகுத்தவர், கட்டியவர், விற்றவர், சோதித்தவர் ஆகிய ஒவ்வொருவரும் பொறுப்பு மற்றவருடையது எனக் கருதியமையை 2024 ஆம் ஆண்டில் வெளியான விசாரணை அறிக்கை விரித்துரைத்தது. 1962 ஆம் ஆண்டில் எமர்சன் சுட்டிய பிரிவின் கொடிய பயன் இதுவாகும்.

முடிவுரை

இலங்கையிலும் இத்துறை வேரூன்றியுள்ளது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் கட்டடப் பொருளியலுக்கெனத் தனித்துறை அமைந்துள்ளது. அங்குப் பயின்ற கணிய அளவையாளர் பலர் மத்திய கிழக்கு நாடுகளிலும் பணிபுரிகின்றனர். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் நிருமாணத் தொழிலை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை நிறுவிற்று. ஆதலின் மேற்கூறிய வரலாறு இந்நாட்டு மாணவர்க்கு அயல்நாட்டுச் செய்தி மட்டும் அன்று.

மூன்று நூற்றாண்டிற்கு மேற்பட்ட இவ்வாராய்ச்சி வரலாற்றைத் தொகுத்து நோக்கின், ஓர் உண்மை தெளிவாகும். கொத்தரின் கையை ஆராய்ந்தவர் குறையைக் கையிற் காணவில்லை, வேலையின் ஒழுங்கிற் கண்டனர். ஒப்பந்தத்தை ஆராய்ந்தவர் குறையை ஒப்பந்தகாரரில் மட்டும் காணவில்லை, அவரைத் தெரிந்தெடுத்த முறையிற் கண்டனர். மதிப்பீட்டை ஆராய்ந்தவர் குறையைக் கணக்கில் மட்டும் காணவில்லை, கணக்கைக் கேட்டவரின் விருப்பத்திலும் கண்டனர். முன்கூட்டி அறிய முடியாத செலவு எங்கும் மறைவதில்லை. மேலேயுள்ளோர் தாங்க மறுப்பின், அது கீழேயுள்ள தொழிலாளியின் கூலியிலோ, மூட்டில் இடப்படாத சாந்திலோ, குடியிருப்போரின் உயிரிலோ சென்று தங்கும். அச்செலவை முன்னரே வெளிப்படக் கூறி, தாங்கவல்லவர் அதனைத் தாங்குமாறு வகுத்தலே நல்ல முகாமை. அவ்வாறு வகுக்கும் வழியைக் காட்டுதலே இவ்வாராய்ச்சியின் பயன்.